ரெண்டு நரம்பு தெரிந்த காலம்

ரத்தம் எடுக்கும் தொழிலில் இருப்பவரை யாரும் ஆசையோடு வரவேற்றதில்லை. டீக்கடைக்காரரைப் பார்த்தால் மலர்கிற முகம், எங்களைப் பார்த்ததும் சுருங்கும். மடித்துவிட்ட சட்டைக் கை தானாகக் கீழே இறங்கும். நான் பதினாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு தனியார் லேப். காலை ஆறரைக்குக் கதவு திறப்பதற்குள் வெறும் வயிற்றோடு இருபது பேர் படிக்கட்டில் நிற்பார்கள். படாளத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கோட்டை மாட்டி, ஊசியை எடுத்தால் பத்து மணி வரைக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. என் பெயர் கலைவாணி. ஒரு குத்துக்கு மேல் குத்தமாட்டேன் என்று கொஞ்சம் பேரும் இருந்தது.

அந்தப் பேர் எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். தைராய்டு கழுத்தோடு நிற்காமல் கண்ணிலும் போய் உட்கார்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் நின்றபடி கேட்டாலும் பரவாயில்லை.

முறைக்கிற சிஸ்டர்

முதலில் புகார்தான் வந்தது. நான் எல்லாரையும் முறைக்கிறேனாம். நான் யாரையும் முறைக்கவில்லை. ஆனால் மேல் இமை எனக்குத் தெரியாமலே ஏறிப்போய், கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. கூடவே உடம்பு இளைத்தது. ஜாக்கெட்டை ரெண்டு தடவை பிடித்துத் தைத்தேன். மார்கழியிலும் ஃபேன் வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் மாடிப்படி ஏறிவந்தது மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் இளைத்துவிட்டாய், நன்றாக இருக்கிறாய் என்றார்கள். நானும் நம்பிக்கொண்டேன்.

கூடுவாஞ்சேரியில் ரெண்டு லாரி வைத்திருக்கும் ஒருவர் சர்க்கரைக்குப் பார்க்க மாதாமாதம் வருவார். ஆள் ஆறடி. ஊசியைக் கண்டால் குழந்தை. வழக்கமாக நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவேன். அன்றைக்கு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். அவர் பின்னால் நகர்ந்தார். "இன்னா சிஸ்டர், குத்தறதுக்கு முன்னாடியே இப்டி முறைச்சிகினு கீறியே, குத்தி முடிச்சிட்டு அடிப்பியா?" என்றார்.

என் ரத்தம்

ரோஸ்லின் எங்கள் லேப்பின் மெஷின் ரூமில் இருப்பவள். நான் ரத்தம் எடுத்துக் கொடுப்பேன், அவள் ஓட்டி ரிப்போர்ட் தருவாள். பதினாலு வருடமாக மதியச் சாப்பாடு ஒரே டப்பாவில். ஒருநாள் டியூபில் பேர் எழுதிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள். எழுத்து நடுங்கியிருந்தது. என் கோட்டுக் கையைச் சுருட்டி, பட்டை கட்டி, அவளே ரத்தம் எடுத்தாள். பதினாறு வருடத்தில், ரத்தம் கொடுக்கிறவர்களின் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு உயரமான நாற்காலி என்று அப்போதுதான் தெரிந்தது.

மெஷின் ரூமுக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ரிப்போர்ட் வரும் நேரம் தாண்டியும் அவள் திரும்பவில்லை. பிறகு இன்னொரு டியூபை எடுத்து மறுபடி உள்ளே வைப்பது தெரிந்தது. ரிப்போர்ட்டை உறையில் போடுவதும் நான்தான், தைராய்டு நம்பர் எனக்கு மனப்பாடம். அவள் காகிதத்தோடு வெளியே வந்தபோது, டி.எஸ்.ஹெச். எதிரில் எண்ணுக்கு முன்னால் போட்டிருந்த "இதற்கும் கீழே" என்ற குறியைத்தான் முதலில் பார்த்தேன். மெஷினால் அளக்க முடியாத அளவுக்குக் கீழே. அது கீழே போனால் தைராய்டு தறிகெட்டுச் சுரக்கிறது என்று அர்த்தம். ரோஸ்லின் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மெஷின்லதான் கோளாறுன்னு ரெண்டு தபா ஓட்டினேன் கலை. மெஷின் நல்லாத்தான் கீது."

நம்பர் நார்மல்

தைராய்டு டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். நெஞ்சடிப்பு அடங்கியது, கை நடுக்கம் நின்றது, ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தேன். எட்டாவது மாதம் ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் வரம்புக்குள் வந்தது. ரோஸ்லின் சமோசா வாங்கிக் கொடுத்தாள். நாங்கள் நம்பரை நம்புகிற ஜாதி. நம்பர் சரியானால் ஆள் சரி.

கண் அந்த ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. தினமும் காலையில் இமை வீங்கியிருக்கும். மண் விழுந்த மாதிரி உறுத்தும். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே நின்ற பஸ்ஸின் தலையில் இன்னொரு பஸ் உட்கார்ந்திருந்தது. ரெண்டிலும் ஒரே ஊர்ப் பெயர். கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. தைராய்டு டாக்டரிடம் சொன்னபோது, "ரத்தம் வேற, கண்ணு வேற. இது சரியானாலும் அது தன் போக்குல போகும். கண் டாக்டரை உடனே பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பையில் வைத்தேன். எப்படியும் பத்து மணிக்கு மேல் பார்வை ஓரளவு ஒன்று சேர்ந்துவிடும் என்பது என் சமாதானம். எங்கள் தொழிலோ காலைத் தொழில். ஊர் முழுக்க வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டுகிற நேரத்தில்தான் என் கண் ரெண்டாகப் பிரிந்து நிற்கும்.

ஒரு கை. அதில் ஒரு நரம்பு. அதற்குச் சற்று மேலே, கொஞ்சம் தள்ளி, அதே போல இன்னொரு நரம்பு. எது நிஜம் என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும் என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். உங்களில் பலரும் கற்றிருப்பீர்கள். அப்படி நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தபோது, கை நீட்டியிருந்த நடுவயதுக்காரர் பதறிப்போய்ச் சொன்னார்: "அய்ய, இன்னாம்மா கண்ணடிக்கிற, பக்கத்துலயே என் சம்சாரம் ஒக்காந்துகினு கீது."

கடலோர வீட்டில்

ஒரு கண்ணை மூடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒன்றாகத் தெரியும், ஆனால் எவ்வளவு தூரம் என்று தெரியாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே கொட்டும். ஊசி என்றால் நரம்புக்கு முன்னாலேயே நிற்கும், இல்லை அந்தப் பக்கம் துளைத்துக்கொண்டு போகும்.

வாரத்தில் ரெண்டு நாள் மாமல்லபுரம் பக்கம் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. வேனில் கொண்டுபோய் விடுவார்கள். கடலை ஒட்டிய குப்பம் ஒன்றில், பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு அம்மா. உலர்ந்த, மெல்லிய கை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். ஊசி நரம்பைத் துளைத்து அந்தப் பக்கம் போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோலுக்கு அடியில் நாவல்பழம் மாதிரி ரத்தம் கட்டியது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கண் சரியில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அந்த அம்மாவுக்குப் பேச்சு குழறும். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "எங்க வூட்டு ஆம்பளைக்கும் கண்ணு போச்சிம்மா. அவுரு தடவிப் பாத்தே வலைய தைச்சிட்றாரு. நீ இன்னா பண்ணுவ?"

மூன்று குத்து

இதை எழுத வேண்டாம் என்று ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

நாலு வயதுப் பெண் குழந்தை. டெங்கு என்று சந்தேகம், தினமும் பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்க வேண்டும். படாளம் பக்கத்திலிருந்து அம்மா தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். காய்ச்சலில் குழந்தையின் கை கொதித்தது. ஏழு மணி. என் கண்ணுக்கு அது ரெண்டு கை. ரோஸ்லினைக் கூப்பிட்டிருக்கலாம், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். இது ஒன்றை எடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. ரெண்டாவது குத்துக்குக் கையை மாற்றினேன். ரெண்டு சொட்டு வந்து நின்றது. மூன்றாவது குத்தும் தவறியது. அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டு, என் முகத்தையே பார்த்தது. எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தது.

அழுகை நின்ற சத்தம் கேட்டுத்தான் ரோஸ்லின் வெளியே வந்தாள். என் கையிலிருந்து ஊசியை வாங்கினாள். ஒரே குத்து. டியூப் நிறைந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது, நாலாம் நாள் எண்ணிக்கை ஏறியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அந்த அம்மா பிள்ளையின் ரெண்டு கையிலும் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தெரியலன்னா தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? பச்சப்புள்ள கையில தேடிப் பாக்கறியே" என்றாள்.

ஊசியை வைத்துவிட்டேன்

மதியமே முதலாளியிடம் போனேன். அவரும் ஒரு காலத்தில் ஊசி பிடித்தவர்தான். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை மாதமாக என்று கேட்டார், அதையும் சொன்னேன். ஒரு கண்ணில் மறைப்பு ஒட்டிக்கொண்டு எடுக்கட்டுமா என்று நானே கேட்டேன். ஒற்றைக்கண் சிஸ்டரிடம் யார் கை நீட்டுவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயம்தான், நானே நீட்டமாட்டேன். எழுந்து வரும்போது சொன்னார்: "உன்ன அனுப்ப மாட்டேன் கலை. கவுன்டர்ல ஒக்காரு, ரிப்போர்ட் குடு, டோக்கன் குடு. ஊசிய மட்டும் தொடாத."

டார்ச் வெளிச்சம்

சீட்டைப் பையில் வைத்து ஏழு மாதம் கழித்து, சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறார். லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். டாக்டர் ஒரு சின்ன டார்ச்சைக் காட்டி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். கீழே போனேன், இடது பக்கம் போனேன். மேலே போனபோது வலது கண் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் முழு பலத்தோடு மேலே பார்க்கிறேன், அது வரவில்லை. மரத்துப்போக மருந்து விட்டு, மெல்லிய இடுக்கியால் கண்ணைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். வலி இல்லை, ஆனால் தும்பு கட்டிய மாட்டை இழுப்பது போல அது மறுப்பது மண்டைக்குள் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை, அதைத் திருப்புகிற தசைகள்தான் வீங்கி இறுகிவிட்டன என்றார். வாரம் ஒரு தடவை வீதம் பன்னிரண்டு வாரம் ஸ்டீராய்டு டிரிப்ஸ். வீக்கம் அடங்கி, கண் விலகிய அளவு மாறாமல் நின்ற பிறகுதான் ஆபரேஷன் பற்றியே பேச முடியும். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. என் கார்டில் தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்ததை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

பிறகு, வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா, புகை இந்தக் கண்ணுக்கு எமன் என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றோடு விட்டார். ஒரு மாதம் தாங்கியது. பிறகு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு வர ஆரம்பித்தார். பதினாறு வருடம் ஸ்பிரிட் வாசனையில் இருந்தவளுக்கு ஏலக்காய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதா? கேட்டேன். அவர் சண்டை போடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "உன் கண்ண பாக்கறப்பல்லாம் ஒண்ணு பத்த வெக்கணும் போல கீது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

தலைக்கனம்

கவுன்டரில் உட்கார்ந்தேன். டிரிப்ஸில் இமை வீக்கம் வடிந்தது, முகம் உப்பியது, ரெட்டைப் பார்வை அப்படியே இருந்தது. மூக்குக்கண்ணாடியில் கோடு கோடான ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். அது ரெண்டு படத்தையும் இழுத்து ஒன்றாக்கும். மூன்று வாரம் ஒன்றாக்கியது. அப்புறம் கண் நகர்ந்துவிட்டது, தாள் அங்கேயே இருந்தது.

மேலே பார்த்தால்தான் மோசம். நான் உட்கார்ந்திருப்பவள், வருகிறவர்கள் நிற்பவர்கள். ஆகவே மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைக் கீழே தாழ்த்தித்தான் ஆளைப் பார்க்க முடியும். அப்படிப் பார்த்தால் மதிய நேரத்திலாவது ஒரு ஆள் ஒரு ஆளாகத் தெரிவார். ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு அண்ணன் ரெண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "இன்னா மேடம், எப்ப பாத்தாலும் மூஞ்ச தூக்கிகினே பேசற, எங்கள பாத்தா மனுசனா தெரியலியா?"

கீழே இருக்கிற ரோடு

ஏகாம்பரம் என்று ஒருவர். ஐம்பது வயது. மதுராந்தகம் பக்கத்திலிருந்து மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஓட்டுபவர். காலை நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தைராய்டு டெஸ்ட்டுக்கு வந்து நின்றார். மோவாய் தூக்கியிருந்தது, தலை பின்னால் சாய்ந்திருந்தது. தினமும் நான் நிலைக்கண்ணாடியில் பார்க்கிற உருவம். கண்ணாடியைக் கழற்றுங்கள் அண்ணா என்றேன். கழற்றவில்லை. குரலைத் தாழ்த்தி, "காலையில எத்தினி ரோடு தெரியுது?" என்று கேட்டேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். "ரெண்டு. கீழ கீற ரோட்டுல ஓட்டுவேன். அதான் நெசம்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "இது வரிக்கும் தப்பல" என்றார். வண்டியில் எத்தனை பேர்? நாற்பத்திரண்டு.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியை விட்டால் தனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்றார். அது எனக்குத் தெரியாதா? நான் அந்தக் குழந்தையின் கையைப் பற்றிச் சொன்னேன். மூன்று குத்து, மூன்று நாளில் ஆறியது, உங்களுக்கு அப்படி ஆறாது என்றேன். அவர் ரத்தம் கொடுக்காமலே எழுந்து போய்விட்டார். அடுத்த மூன்று நாளும் தெருவில் போகிற கம்பெனி பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு பஸ்ஸில்தான் போகிறார். அவருடைய டிரைவரின் கண்ணை யார் பார்த்தது? கம்பெனிக்குச் சொல்லிவிடுவது என்று நான்காம் நாள் முடிவு செய்துகொண்டு வந்தால், படிக்கட்டில் ஏகாம்பரம் நின்றிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டாராம். ரோஸ்லின் ரத்தம் எடுத்தாள். என் பழைய நம்பர்தான், பேர் மட்டும் வேறு.

அவரை நானே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சிகிச்சை நடக்கிறது. கண் இன்னும் நிலைக்கு வரவில்லை. பஸ் கான்ட்ராக்டர் வேறு வேலை தருவதாகச் சொன்னதோடு சரி, கூப்பிடவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்டுக்கு வந்தபோது, நன்றி சொல்வார் என்று எனக்கு உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு. டோக்கனை வாங்கிக்கொண்டு சொன்னார்: "உன் பேச்ச கேட்டு வண்டிய வுட்டேன் சிஸ்டர். நாப்பத்திரெண்டு பேரும் நல்லா கீறாங்க, வேற டிரைவரோட போய்கினு வந்துகினு கீறாங்க. நான்தான் இல்ல."

முடிச்சு

கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்து ரெண்டு வருடம் ஆன பிறகு, ஆறு மாதமாக அளவு மாறவில்லை என்று ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். நேராகப் பார்ப்பதைச் சரிசெய்வதுதான் குறி, எல்லாப் பக்கமும் ஒன்றாகத் தெரியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். நான் ரெண்டு தடவையும் தலையாட்டினேன். இறுகிய தசையைப் பிரித்துப் பின்னால் தள்ளித் தைத்தார்கள். ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்கிற மாதிரி விட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்து, மருந்து விட்டு, எதிர்ச் சுவரில் ஒரு விளக்கைப் பார்க்கச் சொல்லி, நூலை இழுத்தார்கள். எத்தனை விளக்கு? ரெண்டு. இப்போது? ரெண்டு, கிட்டே. இப்போது? ஒன்று என்றேன்.

வார்டுக்கு வந்து படுத்தபோது பக்கத்துக் கட்டில் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதே வியாதி. அவரது ரெண்டு கண்ணிலும் பார்வை நரம்பு நெருக்குண்டு, அவசரமாகச் சேர்த்திருந்தார்கள். ரெட்டைப் பார்வைக்கு ஆபரேஷன் எப்போது என்று யாரும் சொல்லவில்லை. எதிர்ச் சுவரைக் காட்டிக் கேட்டார்: "ஒண்ணா தெரியுதாம்மா? எப்டி கீது, சொல்லேன், கேட்டுக்கறேன்."

ரோஸ்லினின் கை

வீட்டுக்கு வந்தேன். தெரு ஒரே தெருவாகத் தெரிந்தது, என் வீட்டுக்காரருக்கு ஒரு முகம் இருந்தது. பஸ்ஸுக்கு மேலே பஸ் இல்லை. காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் படிக்க முடிந்தது. ஆறு வாரம் கழித்து, கூட்டம் ஓய்ந்த ஒரு பதினோரு மணிக்கு, ரோஸ்லின் என்னை அந்த உயரமான நாற்காலிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவளுடைய நரம்பு கயிறு மாதிரி இருக்கும். தொழில் கற்கிறவர்கள் முதலில் குத்துகிற கை அதுதான். முதலாளி கவனிக்காதது போல உள்ளே போனார்.

பட்டையைக் கட்டினேன். ஊசி மூடியைக் கழற்றினேன். குனிந்தேன். கண்ணைத் தாழ்த்தியதும் கயிறு ரெண்டாகப் பிரிந்தது. முன்பு மேலே இருந்த குறை இப்போது கீழே வந்திருந்தது. கண்ணைத் தாழ்த்தாமல் தலையை நெஞ்சுவரை கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி இருந்தால் ஒன்று, ஊசி பிடிக்கிற தூரத்துக்குப் போனால் ரெண்டு. டாக்டரிடம் பிறகு கேட்டேன், இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் நேர்ப்பார்வை கெட்டுப்போகலாம் என்றார். அன்றைக்கு அது எதுவும் தெரியாமல், ஊசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தேன். ரோஸ்லின் கையை அசைக்கவில்லை. "குத்து கலை, எங்கியாவது குத்து, என் கைதான?" என்றாள்.

நான் குத்தவில்லை. மூடியைப் போட்டு வைத்துவிட்டு, கவுன்டருக்குப் போய் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

ஆக மொத்தம், என் ரத்தத்தில் எல்லாம் நார்மல், நேராகப் பார்த்தால் உலகம் ஒன்றேதான், என் பிழைப்பு மட்டும் அதற்குக் கொஞ்சம் கீழே இருந்து தொலைத்துவிட்டது.